வீட்டுக் கடன் இருக்கையில் நோய் வந்தால்: கடும் நோய்க் காப்புறுதி மலையகத்தில் யாருக்குப் பயன்?

தோட்டத்தில் ஒரு மரணம் நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. மரண உதவிச் சங்கம் கூடும். மாதாமாதம் சேர்த்த சந்தாவிலிருந்து ஒரு தொகை அந்த வீட்டுக்குப் போகும். கொட்டகை, நாற்காலி, தேநீர்ச் செலவு எல்லாம் பொதுவில் நடந்துவிடும். ஆனால் அதே வீட்டில் ஒருவர் பக்கவாதத்தோடு 2 வருடம் படுத்திருந்தால், அதற்கென்று ஒரு சங்கம் அநேகமாக எந்தத் தோட்டத்திலும் இல்லை.

வங்கியின் வீட்டுக் கடனும் இதே போலத்தான் அமைந்திருக்கிறது. கடன் கொடுக்கும்போது வங்கி ஒரு கடன் பாதுகாப்புக் காப்புறுதியை எடுக்கச் சொல்லும். கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனைக் காப்புறுதிக் கம்பனி கட்டிவிடும், வீடு குடும்பத்துக்கு மிஞ்சும். கடன் வாங்கியவர் இறக்காமல் நோயில் விழுந்தால் இந்தக் காப்புறுதி பேசாது. தவணை வழக்கம்போல மாதம் பிறந்ததும் வந்து நிற்கும்.

இந்த இடைவெளியை அடைப்பதற்காக விற்கப்படுவதுதான் கடும் நோய்க் காப்பு. புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு போன்ற, ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட நோய்களில் ஒன்று உறுதியானால் ஒரே தடவையில் ஒரு தொகையைக் கொடுப்பார்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் வீட்டுக் கடனுக்குக் கையெழுத்திடப் போகும் பலரிடம் இப்போது இந்தக் கேள்வி வைக்கப்படுகிறது: “இதையும் சேர்த்துக் கொள்கிறீர்களா?” சேர்க்கலாமா, வேண்டாமா என்பதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை.

இது மருத்துவச் செலவுக்கான காப்பு அல்ல

இந்தக் காப்பை உருவாக்கக் காரணமாக இருந்தவர் ஒரு காப்புறுதி வியாபாரி அல்ல. தென்னாபிரிக்க இதய சத்திரசிகிச்சை நிபுணர் மாரியஸ் பார்னார்ட். 1967இல் கேப்டவுனில் உலகின் முதலாவது மனித இதய மாற்றுச் சிகிச்சையைச் செய்த கிறிஸ்டியன் பார்னார்ட்டின் தம்பி, அந்தச் சிகிச்சைக் குழுவிலும் இருந்தவர். தன்னிடம் சிகிச்சை பெற்று உயிர் பிழைத்தவர்கள் வருமானமின்றிக் கடனில் மூழ்குவதைக் கண்டு, 1983இல் ஒரு காப்புறுதிக் கம்பனியோடு சேர்ந்து இந்தக் காப்பை அவர் கொண்டுவந்தார். முதலில் அது மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், இதய பைபாஸ் சத்திரசிகிச்சை ஆகிய 4க்கு மட்டுமே இருந்தது.

இந்தப் பின்னணி இலங்கையில் உள்ளவர்களுக்கு முக்கியமானது. இங்கே அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும், கண்டி தேசிய வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கும் கட்டணம் கேட்கமாட்டார்கள். ஆகவே “ஆஸ்பத்திரி இலவசம்தானே, இந்தக் காப்பு எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு மலையகக் குடும்பத்தை வீழ்த்துவது பெரும்பாலும் சத்திரசிகிச்சைக் கட்டணம் அல்ல, சிகிச்சையைச் சுற்றியிருக்கும் மற்றச் செலவுகள்தான்.

பொகவந்தலாவைக்கு மேலே உள்ள ஒரு டிவிசனிலிருந்து மகரகமவுக்குக் கிளினிக் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காலையில் இலக்கம் எடுக்க வேண்டுமானால் முதல் நாள் இரவே புறப்பட வேண்டும். நோயாளியோடு துணைக்கு ஒருவர் போக வேண்டும். இருவருக்கும் அன்றைய பேர் விழாது. டிவிசனிலிருந்து நகரத்துக்கு முச்சக்கரவண்டி, பிறகு பஸ், அங்கே தங்குமிடம், சாப்பாடு, வெளியில் எடுக்கச் சொல்லும் ஸ்கேன் அல்லது இரத்தப் பரிசோதனை. இது ஒரு நாளோடு முடிகிற பயணமும் அல்ல. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபா ஆனது. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. இதன் மேல் வீட்டுக் கடன் தவணையும் இருந்தால்?

எனவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நான் 1 வருடம் வேலை செய்ய முடியாமல் போனால் தவணையை யார் கட்டுவார்?

தவணையின் கணக்கு

ஒரு உதாரணத்தைப் பார்ப்போம். 30 இலட்சம் ரூபா கடன், 15 வருடம், 13 சதவீத வட்டி. மாதத் தவணை ஏறத்தாழ 38,000 ரூபா. 5 வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் மீதிக் கடன் 25 இலட்சத்துக்கு மேல் இருக்கும். 10 வருடம் கட்டிய பின்னரும் 16 இலட்சத்துக்கு மேல் நிற்கும். தொடக்க வருடங்களில் கட்டுவதில் பெரும்பங்கு வட்டிக்கே போய்விடுவதால் கடன் மெதுவாகத்தான் குறையும். ஆகவே முதல் 10 வருடத்துக்குள் வரும் நோய்தான் வீட்டுக்கு மிகவும் ஆபத்தானது.

தவணை நின்றால் முதலில் அடிபடுவது பிணை நின்றவர்கள். உடன் படிப்பிக்கும் இரண்டு ஆசிரியர்கள் பிணையாக இருந்தால் வங்கியின் கடிதம் அவர்களுக்கும் போகும். அடுத்தது வீடு. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், வங்கி நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விட வழி செய்கிறது. இதைத்தான் பராட்டே சட்டம் என்கிறோம். 2011இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி முதல் தொகை 50 இலட்சத்துக்குக் குறைந்த கடன்களுக்கு இது பொருந்தாது. ஆனால் சிறிய கடனுக்கும் வங்கி வழக்கு வைத்து ஏலத்துக்குப் போகலாம். காலம்தான் கொஞ்சம் கூடக் கிடைக்கும்.

யாருடைய கடன்?

மலையகத்தில் ஈட்டுக் கடன் எல்லோருக்கும் கிடைக்கிற ஒன்றல்ல. தோட்டக் காணிகள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகின. 1992 முதல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனது. லயன் காம்பராவில் தலைமுறையாக வாழ்ந்தவரின் பெயரில் உறுதி இல்லை, உறுதி இல்லாத இடத்தை வங்கி ஈடாக எடுக்காது. இந்திய உதவியில் கட்டிய 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் மானிய வீடுகள். ஆகவே இந்தக் கேள்வி மூன்று வகையினருக்கு மூன்று விதமாகப் பொருந்துகிறது.

*முதலாவது, அரச சம்பளம் பெறுபவர்கள்.* ஆசிரியர்கள், தாதியர், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள். இவர்களுக்குச் சம்பளத்தோடு சுகவீன விடுமுறை உண்டு, ஆகவே நோய் வந்த முதல் மாதமே வருமானம் நிற்காது. சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் அக்ரஹார காப்புறுதியில் வைத்தியசாலைச் செலவோடு குறிப்பிட்ட கடும் நோய்களுக்கும் கொடுப்பனவு இருக்கிறது. இவர்கள் வங்கியில் கையெழுத்திடும் முன் தங்கள் அக்ரஹார திட்டம் எந்தப் பிரிவில் இருக்கிறது, எந்த நோய்க்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதில் வரும் தொகையும் விடுமுறைக் காலமும் சேர்ந்து 1 வருடத் தவணையைத் தாங்குமானால், மேலதிகக் காப்பு அவசரத் தேவை இல்லை. தாங்காவிட்டால் அந்தக் குறைக்கு மட்டும் எடுத்தால் போதும்.

*இரண்டாவது, சொந்த உழைப்பில் நிற்பவர்கள்.* ஹட்டன் கடைக்காரர், தலவாக்கலை முச்சக்கரவண்டிச் சாரதி, கொழும்பில் கடையில் வேலை செய்து கொட்டகலையில் வீடு கட்டுபவர், வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புபவர். இவர்கள் படுத்தால் மறுநாளே வருமானம் நின்றுவிடும். உறுதியுள்ள காணியில், ஒருவர் உழைப்பில், நீண்ட காலக் கடன் இருந்தால் கடும் நோய்க் காப்பு மிகவும் பொருந்துவது இவர்களுக்குத்தான். வயது 40க்குள் இருந்து, பெரிய நோய் எதுவும் இன்னும் இல்லையென்றால் கட்டுப்பணம் குறைவாக இருக்கும்போதே எடுப்பது நல்லது.

*மூன்றாவது, சேமலாப நிதியை வைத்து வீட்டைத் திருத்தும் தோட்டத் தொழிலாளர்கள்.* ஊழியர் சேமலாப நிதியத்தில் தங்கள் மீதியில் 75 சதவீதம் வரை பிணையாக வைத்து வீட்டுக் கடன் பெறலாம். தவணை தவறினால் அந்தத் தொகை சேமலாப நிதியிலிருந்தே வங்கிக்குப் போய்விடும். இங்கே இழப்பது வீட்டை அல்ல, முதுமைக்கு வைத்திருந்த பணத்தை. இவர்களில் பெரும்பாலானோருக்குத் தனியாகக் காப்புறுதி வாங்குவதை விட, ஏற்கெனவே இருக்கும் உரிமைகளை அறிந்து எடுப்பதே முதல் வேலை.

கையில் இருந்தும் கேட்காத காப்பு

தொழில் கொடுப்பவர் மாதந்தோறும் சம்பளத்தின் 3 சதவீதத்தை ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குக் கட்ட வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இது. வேலையை விடும்போது எடுக்கும் பணம் என்றே பலரும் இதை நினைக்கிறார்கள். ஆனால் வேலையில் இருக்கும் அங்கத்தவருக்கு இதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, கண் வில்லை பொருத்துதல், நிரந்தர இயலாமை ஆகியவற்றுக்கு இந்த நிதியம் உதவித்தொகை தருகிறது. இது கட்டுப்பணம் கட்டாமலே கிடைக்கும் ஒரு கடும் நோய்க் காப்பு. தொகைகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால் நிதியத்தின் அலுவலகத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

சேமலாப நிதியிலும் ஒரு வழி இருக்கிறது. 10 வருடம் வேலை செய்து, கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபா உள்ளவர், வேலையில் இருக்கும்போதே மீதியில் 30 சதவீதம் வரை, உச்சமாக 20 இலட்சம் ரூபா, வீட்டுக்காகவோ குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைக்காகவோ எடுக்கலாம். 2015 முதல் இது நடைமுறையில் உள்ளது. வீட்டுக்கென்று அதை எடுத்துவிட்டால் நோய்க்கென்று இருக்கும் இருப்பு குறைந்துவிடும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

1978இல் நிறுவப்பட்ட ஜனாதிபதி நிதியம் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இதய, சிறுநீரக, புற்றுநோய்ச் சிகிச்சைகளுக்கு உதவுகிறது. முன்பு கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் குறுக்கே நிற்பது மலையகத்தின் பழைய பிரச்சினை ஒன்று: பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், செக்ரோலில் மூன்றாவது பெயர். சேமலாப நிதி எடுக்கப் போனபோது இதனால் திரும்பி வந்தவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். காப்புறுதிக் கோரிக்கையும் இதே இடத்தில் தடைப்படும். நோய் வருவதற்கு முன்பே பெயரைச் சரிசெய்து வைப்பது ஒரு வருடக் கட்டுப்பணத்தை விடப் பெறுமதியானது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய இடங்கள்

காப்பை எடுப்பது என்று முடிவு செய்தவர்கள் பின்வரும் விடயங்களில் கவனமாக இருக்க வேண்டும்.

முதலாவது, பணம் யாருக்குப் போகிறது? கடனோடு சேர்த்து வங்கியின் பெயருக்கு எழுதிக் கொடுத்த காப்பு என்றால் பணம் வங்கிக்குத்தான் போகும். கடன் குறையும் அல்லது தீரும், ஆனால் கிளினிக் போக பஸ் காசு கையில் வராது. தனியாக எடுத்த காப்பில் பணம் உங்களுக்கு வரும். முழுக் கடனுக்கும் காப்பு எடுக்க வசதியில்லாதவர்கள், 1 வருடம் அல்லது 2 வருடத் தவணைக்குச் சமமான தொகைக்குத் தனியாக ஒரு காப்பு எடுப்பது நல்லது. மேலே சொன்ன உதாரணத்தில் அது 4½ முதல் 9 இலட்சம் வரை வரும்.

இரண்டாவது, நோய்க்குக் கொடுத்த பிறகு மரணக் காப்பு மிஞ்சுமா? சில ஒப்பந்தங்களில் நோய்க்குக் கொடுத்த தொகை மரணக் காப்பிலிருந்து கழிக்கப்படும். சிலவற்றில் இரண்டும் தனித்தனி. எது உங்களுடையது என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, நோயின் வரைவிலக்கணம். “புற்றுநோய்” என்று பட்டியலில் இருந்தாலும் பரவாத ஆரம்பநிலைப் புற்றுநோய்க்குப் பல ஒப்பந்தங்கள் கொடுப்பதில்லை. நெஞ்சுவலியோடு போய் ஸ்டென்ட் வைத்துவிட்டு வந்தால் அது “மாரடைப்பு” என்று ஏற்கப்படாமல் போகலாம். பக்கவாதத்தில் பாதிப்பு நிரந்தரமானது என்று காட்ட வேண்டியிருக்கும். காப்பு தொடங்கி முதல் 90 நாள் போன்ற ஒரு காத்திருப்புக் காலமும், நோய் உறுதியான பின் குறிப்பிட்ட நாட்கள் உயிரோடிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கமாக இருக்கும்.

நான்காவது, ஏற்கெனவே இருக்கும் நோய். சீனி வருத்தம், பிரஷர் இருந்தால் விண்ணப்பத்தில் எழுதியே ஆக வேண்டும். முகவர் “அதெல்லாம் எழுதத் தேவையில்லை” என்று சொல்லி ஆங்கிலப் படிவத்தைத் தானே நிரப்பிக் கையெழுத்தை மட்டும் வாங்கினால், பின்னர் மாட்டுப்படுவது நீங்கள். மறைத்தது தெரிந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படும். படிவத்தைத் தமிழில் கேளுங்கள். வீட்டில் படித்த பிள்ளையை உட்கார வைத்து ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துப் பதில் எழுதுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பியை எறிய வேண்டாம்.

ஐந்தாவது, வட்டி. கடன் பாதுகாப்புக் காப்பு வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு போகும். அந்தக் குறைவு தொடக்கத்தில் தீர்மானித்த ஒரு வட்டி வீதத்தில் கணக்கிடப்படுகிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்களின் தவணை ஏறியது, சிலருக்குக் கடன் காலம் நீண்டது. அப்படியான நிலையில் மீதிக் கடன் காப்பை விடக் கூடிவிடும். கடன் நிபந்தனை மாறும்போதெல்லாம் காப்பையும் சரிபார்க்க வேண்டும்.

ஆறாவது, கட்டுப்பணம். மரணக் காப்பின் கட்டுப்பணத்தை ஒரே தடவையாகக் கடனோடு சேர்த்துவிட்டால் அதற்கும் வட்டி கட்டுகிறீர்கள். மரணக் காப்பு மட்டும், கடும் நோயும் சேர்த்து, கடும் நோய் தனியாக என்று மூன்று விலைகளைக் கேட்டு ஒப்பிடுங்கள். பாதியில் நின்றுபோகும் காப்புறுதியை விட எடுக்காமல் இருப்பதே மேல். முகவர் வராமல் விட்டதால் காலாவதியான புத்தகங்கள் பல லயன்களில் பெட்டிக்குள் கிடக்கின்றன.

வன்னியில் வாழும் நம்மவர்களுக்கு

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். போருக்குப் பின் இந்திய வீட்டுத் திட்டத்தில் 5½ இலட்சம் ரூபா கிடைத்தவர்கள் பலர், வீட்டை முடிக்க நகையை அடகு வைத்தார்கள், நுண்கடன் எடுத்தார்கள். அனுமதிப்பத்திரக் காணியில் வங்கி ஈட்டுக் கடன் கிடைப்பது கடினம் என்பதால் கடன் சிறியதாகவும் வட்டி பெரியதாகவும் இருந்தது. நுண்கடன்களிலும் கடன்காரர் இறந்தால் மீதி தள்ளுபடியாகும் ஏற்பாடு இருப்பதுண்டு. நோயில் விழுந்தால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள்தான் கட்ட வேண்டும்.

போரில் காயப்பட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உடலில் எறிகணைத் துண்டு இருப்பது, ஒரு சிறுநீரகம் அகற்றப்பட்டது, தலைக்காயம், இவை எல்லாம் ஏற்கெனவே உள்ள நிலைகளாகவே கருதப்படும். படிவத்தில் எழுதினால் கட்டுப்பணம் கூடலாம், அல்லது அந்தக் காயத்தோடு தொடர்புடைய நோய்க்குக் காப்பு இல்லை என்று ஒதுக்கலாம். ஆனால் எழுதாமல் விட்டால் தொடர்பில்லாத நோய்க்குக் கூடப் பணம் கிடைக்காமல் போகும் ஆபத்து இருக்கிறது. எழுதிவிட்டு, எது ஒதுக்கப்பட்டது என்பதைப் பார்த்த பிறகு எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்யுங்கள்.

வெளிநாட்டில் சகோதரமோ பிள்ளையோ உள்ள குடும்பங்களுக்கு நோய்க்கால உதவி பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. மலையகத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு அப்படி அழைக்க ஒரு தொலைபேசி இலக்கம் இல்லை. அதனால்தான் இந்தக் கேள்வி இங்கே கூடுதல் கனமாக இருக்கிறது.

முடிவு எடுக்கும்போது

உறுதியுள்ள வீட்டின் மேல் பெரிய கடன், ஒருவர் உழைப்பு, சம்பளத்தோடு விடுமுறை இல்லை: இந்த மூன்றும் இருந்தால் கடும் நோய்க் காப்பைச் சேருங்கள். அரச ஊழியராக இருந்தால் முதலில் அக்ரஹாரவைப் பாருங்கள், பிறகு குறைக்கு மட்டும் எடுங்கள். சேமலாப நிதியை வைத்துச் சிறிய கடன் எடுத்த தொழிலாளியாக இருந்தால் நம்பிக்கைப் பொறுப்பு நிதிய உரிமையை உறுதிப்படுத்துங்கள், பெயரைத் திருத்துங்கள், முடிந்தால் 6 மாதத் தவணையைச் சீட்டிலோ வங்கியிலோ ஒதுக்கி வையுங்கள்.

கணவன் பெயரில் மட்டும் கடன் இருந்தாலும் மனைவியின் நோயையும் கணக்கில் எடுக்க வேண்டும். கொழுந்து பறிக்கும் மனைவி படுத்தால் அவருடைய சம்பளம் நிற்கும். கொழும்பில் வேலை செய்யும் கணவன் பிள்ளைகளைப் பார்க்க ஊருக்குத் திரும்பினால் அந்தச் சம்பளமும் நிற்கும். கட்டக்கூடியதாக இருந்தால் இருவர் பெயரிலும் சிறிய காப்பு எடுப்பது, ஒருவர் பெயரில் பெரிய காப்பு எடுப்பதை விட நல்லது.

மரண உதவிச் சங்கக் கூட்டங்களிலும் இதைப் பேசலாம். மாதச் சந்தாவோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்து, கிளினிக் போகும் நோயாளிக்குப் பயணச் செலவு கொடுக்கும் ஒரு நிதியை வைக்க எந்தச் சட்டமும் தடையில்லை. இறந்தவர் வீட்டுக்குச் செய்வதில் ஒரு பங்கை, நோயோடு கடனையும் சுமந்துகொண்டிருப்பவர் வீட்டுக்கும் செய்யலாம்.